பச்சை லைட் எரியுது, கார் எடுபடுதில்லை: உப்புவெளி ரீச்சருக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் தம்பி. உப்புவெளியில இருந்து எழுதுறன். நாங்கள் ரெண்டு பேரும் பென்சன்காரர். இவருக்குப் போன வருசம் பாரிசவாதம் வந்த பிறகு கார் ஓடுறதில்லை, நான்தான் மாசத்தில ரெண்டு தரம் கிளினிக்குக்கு எடுக்கிறன். ஆல்டோ கார், பற்றரியில 35 எண்டு அடிச்சிருக்கு. நாலு வருசத்தில இது மூண்டாவது பற்றரி. மகன் வெளியில இருந்து ஒரு சின்ன சோலர் சார்ஜர் அனுப்பினவர், 1.5 வாட். டாஷ்போர்டில வச்சு சிகரெட் லைட்டர் ஓட்டையில குத்தியிருக்கிறன், பச்சை லைட் மின்னி மின்னி எரியுது. அப்பிடியிருந்தும் போன மாசம் ராத்திரி 2 மணிக்கு இவருக்கு மூச்சு முட்டினபோது கார் டிக் டிக் எண்டதோட சரி. பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டோவில கொண்டுபோனவர். இப்ப இவர் சுகமா இருக்கிறார். இன்னும் பெரிய சோலர் வாங்கவா, இல்லாட்டி இதெல்லாம் சும்மா ஏமாத்தா? நெருப்புப் பிடிக்குமோ எண்டும் பயமா இருக்கு.

பதில்: ரீச்சர், வணக்கம். ஐயா சுகமா இருக்கிறார் எண்டதை வாசிச்ச பிறகுதான் மிச்சத்தையே வாசிச்சன். காரைப் பற்றிச் சொல்ல முதல் ஒண்டு, இனி அப்பிடி ராத்திரியில ஏதும் எண்டா முதல்ல 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை, வாற ஆக்களுக்கு வழியிலேயே ஒக்சிஜன் குடுக்கத் தெரியும். கார் எடுபட்டாலும் மூச்சு முட்டுற ஆளைப் பக்கத்தில வச்சுக்கொண்டு நீங்கள் தனிய ஓடுறது சரிவராது. அந்த நம்பரைப் பெருசா எழுதி போனுக்குப் பக்கத்தில ஒட்டி வையுங்கோ.

இனி காருக்கு வாறன். நான் 26 வருசமா திருகோணமலையில கார் வயரிங் வேலை செய்யுறன், உங்கட கடிதத்தில இருக்கிற கதையை மாசத்துக்கு ரெண்டு மூண்டு தரமாவது கேக்கிறன், ஆக்கள்தான் வேற. சோலர் ஏமாத்து இல்லை. ஆனா உங்கட கைக்கு வந்த சாமான் செய்யக்கூடிய வேலையும் நீங்கள் அதிட்ட எதிர்பாக்கிற வேலையும் ஒண்டில்லை, அதோட அது அனேகமா பற்றரியோட தொடுபடவேயில்லை எண்டுதான் நினைக்கிறன்.

அந்தப் பச்சை லைட்டைச் சொல்லுறன். அது மின்னுறதைப் பாத்து பற்றரிக்கு சார்ஜ் ஏறுது எண்டு எல்லாரும் நினைக்கிறது, நீங்களும் அப்பிடித்தான் நினைச்சிருக்கிறீங்கள், பிழையில்லை, பெட்டியில படத்தையும் அப்பிடித்தான் போடுறாங்கள். ஆனா அந்த லைட்டுக்குக் கரண்ட் வாறது சோலர் பலகையில இருந்து, பற்றரியில இருந்தில்லை. வெயில் பட்டா மின்னும். வயரைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு முத்தத்தில நிண்டாலும் மின்னும். இப்பவே கழட்டிப் பாருங்கோ, மின்னும். அது சொல்லுறது வெயில் இருக்கு எண்டு மட்டும்தான்.

அடுத்தது லைட்டர் ஓட்டை. கன கார்ல திறப்பைத் திருப்பி ஏசிசிக்குக் (ஸ்டார்ட் பண்ண முதல் ரேடியோ வேலை செய்யிற இடம்) கொண்டுவந்தாத்தான் அந்த ஓட்டைக்கும் பற்றரிக்கும் தொடர்பு வரும், திறப்பை எடுத்திட்டா அறுந்திடும். அப்ப கார் நிக்கிற முழு நேரமும் உங்கட சோலர் ஒரு செத்த கம்பிக்குத்தான் கரண்ட் குடுத்துக்கொண்டு இருந்திருக்கும். இதைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. போன் சார்ஜ் பண்ணுற அந்தக் குட்டிப் பிளக்கை ஓட்டையில குத்தி, திறப்பை எடுத்து வீட்டுக்குள்ள வச்சிட்டு வந்து போனைக் கொழுவிப் பாருங்கோ. போன் சார்ஜ் ஆகாட்டி சோலரும் ஏறேல்லை. அவ்வளவுதான்.

சரி, ஓட்டை திறப்பு இல்லாமலும் வேலை செய்யுது எண்டே வைப்பம். அப்பவும் 1.5 வாட் காணாது, அதை நான் கணக்காவே காட்டுறன், நீங்கள் ரீச்சர் எண்டபடியா உங்களுக்கு விளங்கும். நிப்பாட்டி வச்சிருக்கிற கார் சும்மா நிக்கிறேல்ல. மணிக்கூடு, ரேடியோவின்ர நினைவு, ரிமோட் லொக், அலாரம், எஞ்சின் கொம்பியூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சுக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில இருக்கிற கார்ல அது 20 தொடக்கம் 50 மில்லிஅம்பியர் வரைக்கும் இருக்கும் (ஆயிரம் மில்லிஅம்பியர் ஒரு அம்பியர்). உங்கடதுக்கு 30 எண்டு எடுங்கோ. ஒரு நாளுக்கு 24 மணித்தியாலம், அப்ப 0.72 அம்பியர்-அவர் (ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினா ஒரு அம்பியர்-அவர், பற்றரியில அடிச்சிருக்கிற 35உம் அதுதான்). 21 நாளில 15. உங்கட பற்றரி 35, புதுசா இருக்கேக்க. 35இல 15 போனா 20 மிஞ்சும், கார் எடுபடும். ஆனா பற்றரி பழுதாகி உள்ளுக்க பிடிக்கிற கொள்ளளவு 20க்கு வந்திட்டா, 15 போனாப் பிறகு 5தான் மிச்சம். அந்த 5தான் ராத்திரி 2 மணிக்கு டிக் டிக் எண்டது.

இப்ப வரவைப் பாருங்கோ. 1.5 வாட் பலகை நல்ல வெயில்ல 85 மில்லிஅம்பியர் மட்டில குடுக்கும். எங்கட ஊர்ல விடியத் தொடக்கம் பின்னேரம் வரைக்கும் வெயில் எண்டாலும், எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா நல்ல நாள்ல கிட்டத்தட்ட 5 மணித்தியால உச்சி வெயிலுக்குச் சமம். அப்ப 0.43 அம்பியர்-அவர். அது வெளியில, சூரியனைப் பாத்தபடி வச்சா. ஒருக்கா இப்பிடி ஒரு பலகையை ஒராள் என்னட்டக் கொண்டுவந்தவர், மத்தியானம் மீற்றரைக் கொழுவி அவருக்கு முன்னாலயே அளந்து காட்டினன், வெளியில 80, டாஷ்போர்டில கண்ணாடிக்கு உள்ள 45, காரைக் கொஞ்சம் தள்ளி வேப்பமர நிழலுக்க விட்டாப் பிறகு 6. ஆறு! அதுக்கும் பச்சை லைட் மின்னிக்கொண்டுதான் இருந்தது. அந்த மனுசன் ஒண்டும் கதைக்கேல்லை, பலகையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு நிண்டார்.

நிழல் எண்டா பலகை முழுக்க மறையோணும் எண்டில்லை. உள்ளுக்க இருக்கிற செல்லுகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா, மாலை கோர்த்த மாதிரித்தான் தொடுத்திருக்கும், ஒரு செல்லில ஒரு இலையோ காக்கா எச்சமோ கிடந்தாலே மற்றதுகளின்ர கரண்டும் அந்த இடத்தில தடைபடும். வைப்பர் தண்டின்ர நிழலும் காணும். அதோட சூடு. வெயில் கூடினா சோலர் கூட வேலை செய்யும் எண்டு நினைப்பினம், வெளிச்சம் கூடினா சரி, ஆனா பலகை சுட்டா அதின்ர வோல்ட் இறங்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் நூத்துக்கு 0.3, 0.4 மட்டில. கச்சான் காத்து வீசுற காலத்தில கண்ணாடியெல்லாம் மூடின காருக்குள்ள டாஷ்போர்டில கை வைக்கேலாது, அதுக்க கிடக்கிற பலகை என்ன செய்யும்.

அப்ப ஏன் இந்தச் சாமானைச் செய்யிறாங்கள் எண்டு கேப்பீங்கள். அதுக்கும் ஒரு நியாயமான வேலை இருக்கு. வொக்ஸ்வாகன் காரர் புதுக் கார்களைக் கப்பல்ல ஏத்தி அனுப்பேக்க, கார் விக்குப்படும் வரைக்கும் பற்றரி இறங்காம இருக்க உள்ளுக்க இப்பிடிச் சின்னப் பலகை வச்சுத்தான் அனுப்பினவங்கள். ஆனா அது புது பற்றரி, முழு சார்ஜ், பிளக்கைக் குத்தினதும் எப்பவும் கரண்ட் இருக்கிற ஓட்டையில. அந்த மூண்டில ஒண்டும் உங்களிட்ட இல்லை.

நான் ஆரிட்டயும் சொல்லுறது இதுதான், சின்ன சோலர் நிறைஞ்ச பற்றரியை நிறைவா வச்சிருக்கும், வெறுமையான பற்றரியை நிரப்பாது. 35 அம்பியர்-அவர் பற்றரி முழுக்க இறங்கினா, 5 வாட் பலகைக்கு அதை நிரப்ப ஒரு மாசத்துக்கு மேல செல்லும், அதுவும் கார் ஒண்டும் குடிக்காட்டி. அந்த ஒரு மாசமும் பற்றரி பாதி வெறுமையாக் கிடக்கிறதுதான் கேடு.

ஏன் கேடு எண்டதைச் சொல்லத்தான் வேணும், ஏனெண்டா உங்கட முதல் ரெண்டு பற்றரியும் போனது இதாலதான் எண்டு நினைக்கிறன். பற்றரி இறங்கேக்க உள்ளுக்க இருக்கிற ஈயத் தட்டில ஈய சல்பேட் எண்டு ஒரு வெள்ளைப் படிவு பிடிக்கும். அது வழமை, ஒவ்வொரு தரமும் பிடிக்கும், சார்ஜ் ஏறினா கரைஞ்சு போயிடும். நிலாவெளிப் பக்கம் போகேக்க உப்பளம் பாத்திருப்பீங்கள்தானே. உப்புத் தண்ணி வத்தி முதல் நாள் பிடிக்கிற மெல்லிய படையைத் தண்ணி விட்டாக் கரைச்சிடலாம். கிழமைக் கணக்கில வெயில்ல காயவிட்டா அது பொருக்காகி இறுகிடும், மண்வெட்டிதான் வேணும். பற்றரிக்குள்ளயும் அதேதான், அங்க மண்வெட்டி போடேலாது. வோல்ட் 12.4க்குக் கீழ கிழமைக் கணக்கில நிண்டா அந்தப் படிவு இறுகத் தொடங்கும், இறுகின அளவுக்குத் தட்டு செத்துப்போச்சு. எங்கட வெக்கை அதை இன்னும் கெதியாக்கும், பற்றரி தானா இறங்கிறதும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். அதால கடைக்காரர் கூடாத பற்றரியைத் தந்திட்டார் எண்டு நினைக்காதேங்கோ, சும்மா நிண்டே செத்த பற்றரிகள் அதுகள். 2022இல பெற்றோல் இல்லாம கார்கள் மாசக்கணக்கில வீட்டில நிண்ட நேரம், பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து பெற்றோல் கிடைச்ச பிறகு வரிசையா எல்லாரும் பற்றரியைத் தூக்கிக்கொண்டு வந்தவை. ஒரு வருசம்கூட ஓடாத பற்றரியெல்லாம் போயிருந்தது. அந்த வருசம்தான் நானும் சோலரைப் பற்றி வடிவா யோசிக்கத் தொடங்கினன்.

சரி, இப்ப நீங்கள் என்ன செய்யோணும். காசு செலவழிக்க முதல் வோல்ட், அம்பியர் அளக்கிற ஒரு மல்டிமீற்றர் வாங்குங்கோ, சாதாரண மீற்றர் காணும், ஒரு பற்றரி விலையில சின்னப் பங்குகூட வராது. கார் ஒரு ராத்திரி முழுக்க நிண்ட பிறகு, விடிய, கதவைத் திறந்து லைட் எரிய முதல், பொனட்டைத் தூக்கி பற்றரியின்ர ரெண்டு தலையிலயும், வயர் பூட்டியிருக்கிற பிளஸ், மைனஸ் முனையில, மீற்றரை வைச்சுப் பாருங்கோ (பொனட் நெம்பை முதல்நாள் பின்னேரமே இழுத்து விட்டிடுங்கோ, அப்ப விடியக் கதவு திறக்கத் தேவையில்லை). சோலர் பிளக்கையும் முதல்நாளே கழட்டி வச்சிருக்கோணும், இல்லாட்டி மேலால ஒரு பொய் வோல்ட் காட்டும். 12.6 அல்லது கூட எண்டா நிறைஞ்சிருக்கு. 12.4 எண்டா முக்கால். 12.2 பாதி. 12.0 எண்டா கால்தான் இருக்கு, அண்டைக்கே சார்ஜ் போடக் குடுக்கோணும். ஒரு கொப்பியில திகதியோட எழுதுங்கோ, மூண்டு நாளைக்கு ஒருக்கா. நீங்கள் எழுதுற அந்தக் கணக்கு எனக்கு எந்த மெசினையும் விடக் கூடச் சொல்லும்.

பிறகு ஒரு நல்ல எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, கார் நிக்கேக்க எவ்வளவு குடிக்குது எண்டு அளக்கச் சொல்லுங்கோ. பற்றரியின்ர மைனஸ் வயரைக் கழட்டி, அந்த வயருக்கும் தலைக்கும் நடுவில மீற்றரை 10 அம்பியரில வச்சுத் தொடுக்கிறது, கதவெல்லாம் பூட்டி, ஒரு அரை மணித்தியாலம் பொறுக்கோணும், ஏனெண்டா காரின்ர கொம்பியூட்டர் நித்திரைக்குப் போக நேரம் எடுக்கும், உடன பாத்தா நூறு இருநூறு காட்டிப் பயப்படுத்தும். மீற்றர் தொடுத்தபடி ஒருக்காலும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. நீங்களே இதைச் செய்யோணும் எண்டு சொல்ல மாட்டன், ஆனா பக்கத்தில நிண்டு மீற்றரைப் பாருங்கோ. 50க்குக் கீழ எண்டா சோலர் பற்றி யோசிக்கலாம். கூட எண்டா முதல்ல எது குடிக்குது எண்டு கண்டுபிடிச்சு நிப்பாட்டோணும், அதுக்குப் பிறகுதான் மற்றது. நிலாவெளியில ஒரு ஹோட்டல் வான், கடல் கொந்தளிக்கிற மாரிக் காலத்தில சுற்றுலாக்காரர் இல்லாம நிக்கும், ரெண்டு கிழமையில பற்றரி செத்திடும், மூண்டு பேர் மூண்டு விதமா சோலர் போட்டுப் பாத்திட்டு கடைசியா என்னட்ட வந்தது. அளந்தா 180 மில்லிஅம்பியர். வான் எங்க நிக்குது எண்டு போனில பாக்கிறதுக்கு ஆரோ பூட்டின ஒரு ட்ரக்கர், அதை நிப்பாட்ட வழியில்லாம நேர பற்றரியில கொழுவி இருந்தது. நாளுக்கு 4.3 அம்பியர்-அவர். 65 அம்பியர்-அவர் பற்றரிக்கு 15 நாள், கணக்கு அப்பிடியே சரி. வயரை மாத்தினன், சோலர் தேவைப்படவேயில்லை. உங்கட கார்லயும் பிறகு பூட்டின அலாரமோ கமராவோ இருந்தா அதைத்தான் நான் முதல்ல பாப்பன்.

அளந்து பாத்து 30 மட்டில எண்டு வந்தா, நான் உங்களுக்குச் சொல்லுறது 10 வாட் பலகை ஒண்டு, அதோட பற்றரிக்குக் கூடுதலா ஏறாமப் பாக்கிற ஒரு சின்ன சார்ஜ் கொன்ட்ரோலர். 5 காணாதோ எண்டா, கச்சான் காலத்தில மட்டுமட்டாக் காணும், மாரியில காணாது. 10 வாட் நல்ல நாள்ல 2.8 அம்பியர்-அவர் குடுக்கும், வழியில நட்டம் போக 2 எண்டு வையுங்கோ. கார் குடிக்கிறது 0.72, பற்றரி தானா இறங்கிறது 0.1, கொன்ட்ரோலரும் தனக்கு 10 மில்லிஅம்பியர் மட்டில எடுக்கும், அது 0.24. எல்லாம் சேந்து 1.06. கார்த்திகை மார்கழியில வானம் இருட்டிக்கொண்டு நிக்கேக்க வரவு பாதியாகி 1க்கு வரும், செலவைவிடத் துளி குறைய, அப்பவும் மட்டுமட்டாத் தாங்கும். தொடர்ந்து அடைமழை பெய்ற கிழமையில தாங்காது, அப்ப கொப்பியைப் பாத்து, 12.4க்கு இறங்கினா காரை எடுத்துக்கொண்டு ஒரு ஓட்டம் போயிட்டு வாங்கோ.

கொன்ட்ரோலர் இல்லாமல் 10 வாட் பலகையை நேர பற்றரியில கொழுவாதேங்கோ, சிலபேர் அப்பிடித்தான் செய்யினம், "சின்னதுதானே" எண்டு. 12 வோல்ட் பலகை எண்டு சொன்னாலும் வெயில்ல சும்மா நிக்கேக்க 21, 22 வோல்ட் காட்டும். பற்றரி நிறைஞ்ச பிறகும் அது தள்ளிக்கொண்டே இருக்கும், வோல்ட் 14.4ஐத் தாண்டும், தண்ணி கொதிச்சு வத்தும், நிறைய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். நீங்கள் பயப்பிடுற நெருப்பு இங்கதான் இருக்கு ரீச்சர், அந்த வாயுவுக்குப் பக்கத்தில ஒரு பொறி போதும். கொன்ட்ரோலர் நிறைஞ்சதும் 13.5, 13.8 மட்டில பிடிச்சு வச்சிருக்கும், அந்த அளவில பற்றரி வருசக்கணக்கில சுகமாக் கிடக்கும். வெக்கைக்கு ஏத்தபடி தானா வோல்ட்டைக் குறைக்கிற கொன்ட்ரோலர் கிடைச்சா அதை எடுங்கோ, எங்கட ஊருக்கு அது நல்லம்.

நெருப்பு வாறதுக்கு இன்னொரு வழி வயர். பலகை பாவம், அது ஒரு அம்பியர்கூடக் குடுக்காது, ஆனா பற்றரி ஒரு நொடியில நூத்துக்கணக்கான அம்பியரை விடும். சோலர் வயரை எலி கடிச்சோ பொனட் விளிம்பில உரசியோ தோல் போய் காரின்ர இரும்பு பொடியில பட்டா, பற்றரியில இருந்து வாற கரண்டிலதான் அந்த வயர் சிவந்து எரியும். அதால பற்றரியின்ர பிளஸ் தலையில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 3 அம்பியர் பியூஸ் ஒண்டு இருக்கோணும். பலகைப் பக்கம் போடுறது பிரயோசனமில்லை. வேலை செய்ய வாறவரிட்ட இதை நேராக் கேளுங்கோ, "பியூஸ் எங்க போட்டனீங்கள், கையால காட்டுங்கோ" எண்டு. காட்ட ஏலாட்டி காசு குடுக்காதேங்கோ.

பலகையைக் காருக்குள்ள வைக்காமல் போர்ட்டிகோ கூரைக்கு மேல ஏத்துங்கோ. கார் நிழலில நிக்கிறது நல்லம், ஐயா ஏறி இருக்கேக்கயும் சீற் சுடாது, அதை ஏன் விடுவான். பலகையைத் தெற்குப் பக்கம் கொஞ்சம் சரிச்சு வைச்சாக் காணும், நாங்கள் பூமத்திய ரேகையில இருந்து எட்டரை டிகிரிதான் வடக்க, ஆனியில சூரியன் தலைக்கு மேல கொஞ்சம் வடக்காலயும் மார்கழியில நல்லாத் தெற்காலயும் போகும், வெயில் குறைவான மார்கழியைத்தான் நாங்கள் பாக்கோணும். சரிவு இருந்தா மழையே கழுவியும் விடும். ஆனா உப்புவெளி எண்டா ஊரின்ர பேரிலேயே உப்பு இருக்கு, கடல் காத்தில வாற அந்த ஒட்டல் படை மழையில்லாத காலத்தில கண்ணாடிக்கு மேல படியும், ரெண்டு கிழமைக்கு ஒருக்கா விடிய நேரம் நல்ல தண்ணியில துணியை நனைச்சுத் துடைக்க ஆள் பிடியுங்கோ. நீங்கள் ஏணியில ஏறவேண்டாம். மத்தியானம் சுட்டுக்கொண்டு இருக்கேக்க தண்ணி ஊத்தவும் வேண்டாம்.

கூரையில இருந்து வாற வயர் காரின்ர முன் கிறில் பக்கம் ஒரு கழட்டிப் பூட்டுற பிளக்கில முடியட்டும், அங்கயிருந்து பியூஸ் வழியா நேர பற்றரிக்கு. லைட்டர் ஓட்டையை மறந்திடுங்கோ. பற்றரிப் பக்கம் வாற பிளக்கில பிளஸ் முள்ளு வெளியில நீட்டிக்கொண்டு நிக்கக் கூடாது, ரப்பருக்குள்ள மறைஞ்சிருக்கோணும், இல்லாட்டி கழட்டித் தொங்கவிடேக்க பொடியில படும். பிளக்குக்குள்ள கொஞ்சம் கிறீஸ் பூசினா உப்புக் காத்துக்குப் பச்சை பிடிக்காது. கொன்ட்ரோலரைச் சுவரில, மழை படாத இடத்தில பூட்டி, முதல்ல பற்றரிப் பக்கத்தைக் கொழுவி, பிறகுதான் பலகைப் பக்கத்தைக் கொழுவோணும், கழட்டேக்க மற்றப் பக்கமா, பலகை முதல்ல. கன கொன்ட்ரோலர் பற்றரியைப் பாத்துத்தான் தான் 12 வோல்ட்டில நிக்கோணும் எண்டு தெரிஞ்சுகொள்ளும்.

இதெல்லாத்துக்கும் முன்னால இப்ப இருக்கிற பற்றரியைக் கழட்டி ஒரு பற்றரிக் கடையில குடுத்து மெதுவா, 3 அம்பியர் மட்டில, ராத்திரி முழுக்க சார்ஜ் ஏத்துவியுங்கோ. கெதியா ஏத்தித் தாறன் எண்டா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. மூடி திறக்கிற பற்றரி எண்டா தண்ணி மட்டத்தைப் பாத்து பற்றரித் தண்ணி மட்டும் விடுங்கோ, கிணத்துத் தண்ணி கூடவே கூடாது. பற்றரித் தண்ணியின்ர அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீற்றரால ஆறு அறையையும் பாக்கச் சொல்லுங்கோ, ஒரு அறை மட்டும் மற்றதுகளை விட 0.05 குறைய நிண்டா அந்த பற்றரி முடிஞ்சுது. ஏத்தி ஒரு நாள் வச்ச பிறகு 12.6 நிண்டு, ஸ்டார்ட் பண்ணேக்க 9.6க்குக் கீழ விழாட்டி இன்னும் பாவிக்கலாம். விழுந்தா புதுசு போடுங்கோ, செத்த பற்றரிக்குப் புது சோலர் கட்டுறது காசைக் கடல்ல போடுறது. தலையில பச்சை, வெள்ளை பூத்திருந்தா அப்பச்சோடாவைச் சுடுதண்ணியில கரைச்சு ஊத்திப் பழைய பல் பிரசால தேய்ச்சு, காயவிட்டு, மேல வாஸ்லின் பூசுங்கோ. அறைக்குள்ள சோடாத் தண்ணி போகாமப் பாருங்கோ.

கிழமைக்கு ஒருக்கா முத்தத்தில நிண்டபடி அஞ்சு நிமிசம் ஸ்டார்ட்ல விடுறது பற்றிப் பக்கத்து வீட்டில சொல்லியிருப்பினம். அது ஸ்டார்ட் பண்ணச் செலவானதைத் திருப்பிக் குடுக்கும், கிழமை முழுக்கக் குடிச்சதைக் குடுக்காது. எடுக்கிறதெண்டா நிலாவெளி வரைக்கும் போய்த் திரும்பி வாங்கோ, ஐயாவுக்கும் ஒரு காத்து வாங்கினதாப் போகும், ஏசியைப் போடாம கண்ணாடியைத் திறந்து விடுங்கோ.

இவ்வளவும் கரைச்சலா இருக்கு எண்டா சோலரே இல்லாமலும் ஒரு வழி இருக்கு, அதையும் சொல்லாட்டிப் பிழை. மைனஸ் தலையில பூட்டுற ஒரு திருகு சுவிச் கடையில கிடைக்கும். கார் வந்து நிண்டதும் பொனட்டைத் திறந்து அதைத் திருகினா காரில ஒண்டும் குடிக்காது, பற்றரி தானா இறங்கிறது மட்டும்தான், நல்ல பற்றரி எண்டா மாசம் ஒண்டு தாண்டியும் எடுபடும். ரேடியோ நேரம் அழியும், அலாரம் வேலை செய்யாது, கதவைத் திறப்பாலதான் பூட்டோணும். உங்களுக்கு ராத்திரியில அவசரத்துக்குக் கார் வேணும் எண்டபடியாத்தான் இதை நான் முதல்ல சொல்லேல்லை, இருட்டில ரோர்ச் பிடிச்சுக்கொண்டு பொனட் திறக்கிறது உங்களுக்குக் கஷ்டம். வீட்டுக்குள்ள ஒரு சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டர் (பற்றரி இறங்கினா வெளியில இருந்து கரண்ட் குடுத்துக் காரை எடுக்கிற பெட்டி) வாங்கி வச்சிருந்தா இன்னும் நல்லம், மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அதுக்கு சார்ஜ் போடோணும், காருக்குள்ள வெயில்ல விட்டிடக் கூடாது. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஒரு பகல்ல அதை எப்பிடிக் கொழுவுறது எண்டு காட்டி வையுங்கோ.

மகன் அனுப்பினதை எறியவேண்டாம். போன் சார்ஜ் ஆகுதா எண்டு நான் சொன்னதைச் சோதிச்சுப் பாத்திட்டு, பிறகு விடிய எடுத்த வோல்ட் கணக்கை ஒரு பத்து நாளைக்கு எழுதி அனுப்புங்கோ, மீற்றர் காட்டின மில்லிஅம்பியரையும் சேத்து. அதைப் பாத்திட்டு 10 வாட்டா, 20 வாட்டா, இல்லை ஒண்டும் வேண்டாமா எண்டு சொல்லுறன். அதுக்கு முதல் மீற்றரைத் தவிர ஒண்டும் வாங்காதேங்கோ.